மொடக்குறிச்சி: இரண்டு வாய்க்கால், 1,033 வேட்பாளர்கள், 281 ஓட்டு

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிகளில் 100-வது எண் மொடக்குறிச்சி. ஈரோடு மாவட்டத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் ஒரே காரணத்துக்காக மனப்பாடம்: 1996 தேர்தலில் 1,033 பேர் போட்டியிட்ட தொகுதி. பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியாக வந்து போகிற இந்தச் செய்தியை, அந்த மண்ணையும் தண்ணீரையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் ஒரு வரலாற்று உண்மை. 1977-லிருந்து 2016 வரை தமிழ்நாட்டில் 10 சட்டமன்றப் பொதுத்தேர்தல்கள் நடந்தன. பத்திலும் மொடக்குறிச்சியில் எந்தக் கூட்டணி ஜெயித்ததோ, அதே கூட்டணிதான் கோட்டையில் ஆட்சி அமைத்தது. 1977, 1980, 1984 மூன்றிலும் அ.தி.மு.க.; 1989-ல் தி.மு.க.; 1991-ல் அ.தி.மு.க.; 1996-ல் தி.மு.க.; 2001-ல் அ.தி.மு.க.; 2006-ல் தி.மு.க. கூட்டணியில் இருந்த காங்கிரஸ். 2011, 2016 இரண்டிலும் அ.தி.மு.க. நாற்பது வருடம் மாநிலத்தின் போக்கை விட்டு விலகாத தொகுதி இது. 2021-ல்தான் அந்தத் தொடர் அறுந்தது, அதுவும் 281 ஓட்டில்.

ஆக, இந்திய வரலாற்றிலேயே மிகப் பெரிய வேட்புமனுப் போராட்டத்தை நடத்திய ஊர், ஓட்டுப் போடும்போது மட்டும் மாநிலம் போகிற வழியிலேயே போயிருக்கிறது. இது எப்படி? விடை பெருமளவு நிலவியலில் இருக்கிறது என்பது என் கருத்து.

நிலம்

வடக்கே ஈரோடு நகரம். கிழக்கே காவிரி, ஆற்றைத் தாண்டினால் நாமக்கல் மாவட்டத்தின் பரமத்தி வேலூர்ப் பக்கம். தெற்கே கரூர் மாவட்டம், மேற்கிலும் தென்மேற்கிலும் பெருந்துறை, காங்கேயம் பகுதிகள். மொடக்குறிச்சி, அவல்பூந்துறை, அறச்சலூர், சிவகிரி, கொல்லன்கோவில், பாசூர், கிளாம்பாடி, ஊஞ்சலூர், கொடுமுடி என்று பேரூராட்சிகள் நிறைய. பெரிய நகரம் என்று ஒன்றும் இல்லை. அதனால் தொகுதி முழுவதையும் ஒரு ஊர் இழுத்துப் போவது இங்கே நடக்காது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஈரோட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், கரூரும் காங்கேயமும் கிட்டத்தில் இருப்பவர்கள் இன்னொரு பக்கம்.

பழமையான ஊர்கள். அறச்சலூர் நாகமலைக் குகையில் தமிழ் பிராமியில் வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது. கொடுமுடி தேவாரப் பாடல் பெற்ற தலம். தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்புவது இங்கேதான். கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரும் கொடுமுடிதான். 1951-லேயே சென்னை மாகாண மேலவைக்குப் போனவர் அவர். சினிமாவுக்கும் சட்டமன்றத்துக்கும் தமிழ்நாட்டில் உள்ள உறவைப் பேசுகிறவர்கள் இந்த ஊரிலிருந்து தொடங்கலாம்.

தேர்தலைப் புரிந்துகொள்ள உதவுவது இந்தக் கிழக்கு மேற்கு எல்லைகளைவிட, தொகுதிக்குள் ஓடும் இரண்டு வாய்க்கால்கள்.

ஒன்று காலிங்கராயன் வாய்க்கால். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பவானி ஆறு காவிரியில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே அணை கட்டி, அங்கிருந்து காவிரிக்குப் பக்கவாட்டிலேயே வளைந்து வளைந்து சுமார் 90 கிலோமீட்டர் வந்து, கொடுமுடிக்கு அருகே ஆவுடையார்பாறையில் முடிகிறது. பாசனப் பரப்பு 15,743 ஏக்கர். பரப்பு சின்னது, ஆனால் உரிமை பெரியது. வருடத்தில் பெரும்பகுதி தண்ணீர் ஓடும். நெல், கரும்பு, வாழை, மஞ்சள் என்று எதையும் வைக்கலாம். வாய்க்காலை வெட்டிய காலிங்கராயன், சொந்த லாபத்துக்காக வெட்டினான் என்ற பேச்சு வரக் கூடாது என்று, தன் வம்சத்தார் இந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோனதாக இங்கே கதை சொல்வார்கள்.

இன்னொன்று கீழ்பவானி வாய்க்கால். சுதந்திரத்துக்குப் பிறகு கட்டத் தொடங்கி 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து வருவது. நீளம் சுமார் 200 கிலோமீட்டர், பாசனம் 2.07 லட்சம் ஏக்கர். இது மேட்டு நிலத்தின் வழியாக வரும் மண் வாய்க்கால். காலிங்கராயனைப் போல இதில் எப்போதும் தண்ணீர் இருக்காது. மொத்த நிலத்தையும் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு, அதாவது 1,03,500 ஏக்கருக்கு, ஆகஸ்டு நடுவிலிருந்து டிசம்பர் வரை நஞ்சைக்கு விடுவார்கள். அதில் நெல் போடலாம். மறு பாதிக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை புஞ்சைக்கு விடுவார்கள். அதில் கடலை, எள் போன்றவைதான். அடுத்த வருடம் முறை மாறும். ஒரு விவசாயியின் வயல் எந்த மதகில் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த வருடம் அவர் வீட்டில் நெல்லா எள்ளா என்பது முடிவாகும். அணையில் தண்ணீர் குறைந்தால் முறையே தள்ளிப்போகும், சில வருடம் கிடைக்காமலும் போகும்.

பவானியில் தண்ணீர் வரும்போது முதல் உரிமை பழைய ஆயக்கட்டுக்கு, அதாவது முன்பிருந்தே வாய்க்கால் பாசன உரிமை உள்ள நிலங்களுக்கு. கொடிவேரி அணையின் 24,504 ஏக்கரும் காலிங்கராயனின் 15,743 ஏக்கரும் பழைய ஆயக்கட்டு. கீழ்பவானி புதிய ஆயக்கட்டு. வறட்சி வரும்போதெல்லாம் இரண்டு தரப்பும் பொதுப்பணித் துறையிடமும் நீதிமன்றத்திலும் எதிரெதிராக நிற்கும்.

மொடக்குறிச்சித் தொகுதிக்குள் இந்த இரண்டும் இருக்கின்றன. காவிரியை ஒட்டிய பட்டையில் காலிங்கராயன். அதற்கு மேற்கே மேட்டில் கீழ்பவானி. இரண்டுக்கும் எட்டாத இடங்களில் கிணற்றுப் பாசனமும் கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலமும். வரைபடத்தில் ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே பிரிவு தெரியும்: நஞ்சை காளமங்கலம், புஞ்சை காளமங்கலம், நஞ்சை கிளாம்பாடி, புஞ்சை கிளாம்பாடி, நஞ்சை கொளாநல்லி, புஞ்சை கொளாநல்லி. ஒரே ஊரைத் தண்ணீர் எட்டும் இடத்தை வைத்து வருவாய்த் துறை இரண்டாக எழுதி வைத்திருக்கிறது.

அப்புறம் கசிவுநீர். கீழ்பவானி மண் வாய்க்கால் என்பதால் தண்ணீர் ஓடும் மாதங்களில் இரண்டு பக்கமும் ஊறி இறங்கும். வாய்க்காலில் உரிமையே இல்லாத நிலத்தின் கிணறும் அந்தக் காலத்தில் நிறையும். ஆயக்கட்டில் பெயர் இல்லாவிட்டாலும் அந்த ஊற்றை நம்பித் தென்னை வைத்தவர்கள் ஏராளம். அவல்பூந்துறை, எழுமாத்தூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் கொப்பரை ஏலமும் சிவகிரியில் எள் ஏலமும் நடப்பது இந்தத் தண்ணீர்க் கணக்கின் விளைவுதான். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; அந்த மஞ்சளில் ஒரு பங்கு இந்தத் தொகுதியின் வாய்க்கால் ஓரங்களில் விளைகிறது.

தெற்கே நொய்யல் வேறு கதை. திருப்பூர்ச் சாயக்கழிவு அந்த ஆற்றைக் கெடுத்து, 1990-களில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையையே சாயத் தொட்டியாக்கியது. நீதிமன்றம் 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது போனது. கொடுமுடிப் பக்கத்து விவசாயிகளுக்கு இது நேரடியாகத் தெரிந்த துயரம்.

இதையெல்லாம் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு ‘விவசாயத் தொகுதி’. உள்ளே போனால் பழைய ஆயக்கட்டு, புதிய ஆயக்கட்டு, கசிவுநீர் விவசாயி, மானாவாரி விவசாயி, நிலமே இல்லாத கூலித் தொழிலாளி, ஈரோட்டு ஜவுளிக்கு உழைக்கும் விசைத்தறிக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கணக்கு. கொங்கு வேளாளர் எண்ணிக்கையிலும் நில உடைமையிலும் பலமானவர்கள். பெரிய கட்சிகள் பெரும்பாலும் அந்தச் சமூகத்திலிருந்தே வேட்பாளர் நிறுத்துகின்றன. அதனால் சாதியை வைத்து இரண்டு வேட்பாளர்களைப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சமூகத்தினர், வேட்டுவர், நாடார், முதலியார் வாக்குகளும் கணிசம். எல்லோருக்கும் பொதுவான கோபம் வந்தால் சேர்ந்து போராடலாம். எல்லோருக்கும் பொதுவான ஒரு விவசாயி வேட்பாளர் கிடைப்பது கஷ்டம்.

மனுப் போராட்டம்

கொங்கு வட்டாரத்தில் விவசாயிகள் அமைப்பாகத் திரள்வது புதிதில்லை. நாராயணசாமி நாயுடு தலைமையில் 1970-களின் தொடக்கத்தில் மின் கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்டமே கிளம்பியது. ஈரோடும் அப்போது கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவையை மறித்தார்கள். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததில் அந்தப் போராட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நாயுடு 1982-ல் உழவர் உழைப்பாளர் கட்சி தொடங்கியபோது அதே கூட்டம் ஓட்டாக மாறவில்லை. சாலைக்கு வந்தவர்கள் வாக்குச்சாவடியில் பழைய சின்னத்துக்கே போனார்கள். 1996-ல் மொடக்குறிச்சியில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த முன்கதை வேண்டும்.

1996-ல் சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாய். முன்மொழிய ஒருவர் போதும். பாசனம் உள்ளிட்ட தங்கள் கோரிக்கைகளை அரசு கண்டுகொள்ளவில்லை என்று கொதித்திருந்த விவசாயிகள், ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்து வேட்புமனு போட்டார்கள். வாபஸ் நாள் முடிந்த பிறகும் களத்தில் 1,033 பேர். மொத்த டெபாசிட்டையும் கூட்டினால், ஒருவருக்கு 250 என்றே வைத்தாலும், 2,58,250 ரூபாய். மாநிலம் முழுக்கப் பேச வைக்கும் போராட்டத்துக்கு இது ரொம்பக் குறைந்த செலவு. சட்டத்துக்கு உட்பட்டு, ஒரு பேருந்தைக்கூட மறிக்காமல், நாட்டின் தேர்தல் இயந்திரத்தையே திணற வைத்த போராட்டம். அதை யோசித்தவர்களின் சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

வாக்குச்சீட்டு காலம் அது. 1,033 பெயரையும் 1,033 சின்னத்தையும் ஒரு சீட்டில் அச்சடிக்க முடியாது. சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த ஆணையம் வாக்குப்பதிவை ஒரு மாதம் தள்ளி வைத்து, சீட்டைப் புத்தகமாக அச்சிட்டது. வாக்காளர் ஒருவர் அந்தப் புத்தகத்தை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டித் தனக்கு வேண்டிய சின்னத்தைக் கண்டுபிடித்து, முத்திரை குத்தி, பெட்டியில் போட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு இது எவ்வளவு சிரமம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணுகிறவர்களும் ஒவ்வொரு புத்தகத்தையும் விரித்து முத்திரை எங்கே இருக்கிறது என்று தேடியாக வேண்டும்.

முடிவு? தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் சுமார் 64 ஆயிரம் ஓட்டு. அ.தி.மு.க.வின் ஆர்.என். கிட்டுசாமி சுமார் 39 ஆயிரம். மிச்சத்தைத்தான் மற்ற 1,031 பேரும் பங்கு போட்டார்கள். 158 பேருக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு. 88 பேருக்கு ஒன்றுமே இல்லை.

இந்த 88-ஐக் கேலியாக எழுதியவர்கள் உண்டு. எனக்கு இதுதான் முழு விவகாரத்தின் மையம். சட்டமன்ற வேட்பாளர் மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும் என்பதால், சிலருக்கு மொடக்குறிச்சியில் ஓட்டே இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஊர் ஊராகத் திரட்டிய போராட்டத்தில் பலர் உள்ளூர்க்காரர்களாகவே இருந்திருப்பார்கள். அப்படியானால் அவர்கள் தங்களுக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளவில்லை, வீட்டில் இருந்தவர்களும் போடவில்லை. மனுப் போட்டது கோரிக்கைக்காக. ஓட்டுப் போட்டது ஆட்சிக்காக. இரண்டையும் அவர்கள் தெளிவாகவே பிரித்து வைத்திருந்தார்கள். அந்த வருடம் ஜெயலலிதா ஆட்சி மீது மாநிலம் முழுக்க இருந்த கோபம் இங்கேயும் இருந்தது. போதாக்குறைக்கு, ஒரு மாதம் தள்ளி நடந்த வாக்குப்பதிவின்போது மற்ற இடங்களின் முடிவு வந்து, மே 13-லேயே கருணாநிதி முதல்வராகப் பதவி ஏற்றிருந்தார். தண்ணீர் கேட்கிறவன் தண்ணீர் திறக்கும் அதிகாரம் உள்ள கட்சிக்கு ஓட்டுப் போடுவதில் ஆச்சரியம் என்ன?

கதவைச் சாத்திய சட்டம்

1996-ல் மொடக்குறிச்சி தனியாக இல்லை. ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து எலும்பு வளைந்துபோன மக்களின் குரல் அது. கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர். அங்கே எல்லைப் பிரச்சினை. நாடு முழுவதும் அந்த மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்கள் 13,952.

அதே வருடம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆகஸ்டு 1 முதல் அமலுக்கு வந்தது. சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250-லிருந்து 5,000 ரூபாய். மக்களவைக்கு 500-லிருந்து 10,000. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். மற்றவர்களுக்கு 10 பேர் வேண்டும். வாக்குச்சீட்டில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்று வரிசையும் மாறியது. விளைவு உடனே தெரிந்தது: 1998 மக்களவைத் தேர்தலில் மொத்த வேட்பாளர்கள் 4,750. பின்னால் டெபாசிட் மறுபடி ஏறி, இன்றைக்குச் சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. அதே 1,033 பேர் இன்று முழு டெபாசிட் கட்டி நிற்க வேண்டுமானால் ஒரு கோடியே 3 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் ஆகும்.

தேர்தல் நடத்துகிறவர்களின் கஷ்டம் உண்மைதான். புத்தக வாக்குச்சீட்டை ஒவ்வொரு முறையும் அச்சடிக்க முடியாது. ஆனால் சட்டம் திருத்தியவர்கள் பார்த்தது வேட்பாளர் எண்ணிக்கையை மட்டும்தான். நல்கொண்டாவில் ஃபுளோரைடு, மொடக்குறிச்சியில் பாசனம் என்று மனுவுக்குப் பின்னால் இருந்த காரணங்கள் எந்தச் சட்டத் திருத்தத்திலும் இல்லை. டெபாசிட்டை ஏற்றியதால் வசதி இல்லாதவனின் போராட்ட வழி ஒன்று அடைபட்டது. வசதி உள்ளவனுக்கு அது இன்னும் திறந்தே இருக்கிறது. 2013-ல் நோட்டா வந்தது. ஆனால் நோட்டாவில் எண்ணிக்கை தெரியுமே தவிர, யார் எதற்காகக் கோபப்பட்டார் என்பது தெரியாது. 1,033 மனுக்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் ஊரும் இருந்தன.

வசதி திரட்ட முடிந்தால் வழி இன்னும் உண்டு என்பதை 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத் காட்டியது. மஞ்சளுக்கும் சோளத்துக்கும் விலை கேட்டு 178 விவசாயிகள் ஆளுக்கு 25,000 டெபாசிட் கட்டி மக்களவைத் தேர்தலில் நின்றார்கள். மொத்த வேட்பாளர்கள் 185. ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்குப்பதிவு அலகுகளை வரிசையாக அடுக்கி வைக்க வேண்டியிருந்தது. அப்போதைய முதல்வரின் மகள் கவிதா அங்கே தோற்றார். ஜெயித்த பா.ஜ.க. வேட்பாளர் மஞ்சள் வாரியம் கொண்டுவருவதாகப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்தில் தொடங்கியது. அங்கே மனுப் போராட்டமும் ஓட்டும் ஒரே திசையில் அரசை அடித்தன, ஒரு பலன் கிடைத்தது. மொடக்குறிச்சியில் அப்படி ஒரு தனிப் பலனை யாரும் கைகாட்ட முடியவில்லை. மஞ்சளுக்கு விலை வேண்டும் என்பதில் எல்லா மஞ்சள் விவசாயியும் ஒரே கட்சி. தண்ணீர் விஷயத்தில் காலிங்கராயனும் கீழ்பவானியும் எதிர்க்கட்சி. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு இரண்டு ஊரையும் ஒப்பிட்டால் தப்பாகத்தான் முடியும்.

கோபியோடு வைத்துப் பார்த்தால்

மாநிலத்தோடு போகிற குணம் கொங்கு முழுமைக்கும் பொதுவானதா என்றால், இல்லை. அதே ஈரோடு மாவட்டத்துக் கோபிசெட்டிபாளையத்தைப் பாருங்கள். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க அ.தி.மு.க. வென்றது இரண்டே இடம், அதில் கோபி ஒன்று. 1989-ல் கட்சி இரண்டாக உடைந்து மாநிலம் தி.மு.க.வுக்குப் போனபோதும் கோபி சட்டமன்றத் தொகுதி செங்கோட்டையனை ஜெயலலிதா அணியில் ஜெயிக்க வைத்தது. 2006-லும் தி.மு.க. ஆட்சி வந்தபோது கோபி அ.தி.மு.க.விடமே இருந்தது.

மொடக்குறிச்சி 1989-ல் தி.மு.க.வின் அ. கணேசமூர்த்தியைத் தேர்ந்தெடுத்தது. பிற்பாடு ம.தி.மு.க.வுக்குப் போய் ஈரோடு எம்.பி. ஆனவர் அவர். 2006-ல் காங்கிரஸின் ஆர்.எம். பழனிசாமியைத் தேர்ந்தெடுத்தது. 2011-ல் கிட்டுசாமி, அதே பழனிசாமியை 40 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் வீழ்த்தினார். கோபியில் ஒரு கட்சிக்கும் ஒரு தலைவருக்கும் ஊர் கட்டுப்பட்டிருந்தது. கோபி வயல்களுக்குத் தண்ணீர் தரும் கொடிவேரிப் பாசனத்தின் நிலையான வாழ்க்கையும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மொடக்குறிச்சியில் அப்படி ஒரு நிலையான தலைமை உருவாகவே இல்லை. தண்ணீர் வரும் வருடம், வராத வருடம் என்று மாறி மாறி வாழும் ஊர், ஆட்சியையும் அதே கண்ணோடு பார்த்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2008 மறுவரையறையில் பக்கத்து வெள்ளக்கோவில் தொகுதியே இல்லாமல் போய், சுற்றியிருந்த எல்லைகள் மாறின. திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் இருந்த மொடக்குறிச்சி, ஈரோடு மக்களவைத் தொகுதிக்கு வந்தது. ஆகவே 1996-ன் மொடக்குறிச்சியும் 2011-க்குப் பிந்தைய மொடக்குறிச்சியும் நூறு சதவீதம் ஒரே நிலப்பரப்பு இல்லை. ஓட்டு எண்ணிக்கைகளை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. போக்கை மட்டும் ஒப்பிடலாம்.

2021

சுப்புலட்சுமி ஜெகதீசனின் அரசியல் வாழ்க்கையே இந்தத் தொகுதியின் வரலாறு போலத்தான். 1977-ல் அ.தி.மு.க. வேட்பாளராக மொடக்குறிச்சியில் ஜெயித்து எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இடம்பெற்றார். பிறகு தி.மு.க. 1989-ல் ஈரோட்டில் வெற்றி. 1996-ல் 1,032 பேரை எதிர்த்து மொடக்குறிச்சியில் வெற்றி. 2004-ல் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில், பின்னாளில் முதல்வரான எடப்பாடி பழனிசாமியைத் தோற்கடித்து மத்திய இணையமைச்சர். முதல் வெற்றிக்கு 44 வருடம் கழித்து, 2021-ல், அதே மொடக்குறிச்சிக்குத் திரும்பி வந்தார்.

எதிரே நின்றவர் பா.ஜ.க.வின் சி. சரஸ்வதி, மருத்துவர். 2016-ல் அ.தி.மு.க.வின் வி.பி. சிவசுப்பிரமணி ஜெயித்த இடத்தை அந்தக் கட்சி கூட்டணிக்கு விட்டுக் கொடுத்திருந்தது. இரண்டு பெரிய அணிகளும் பெண்களையே நிறுத்திய போட்டி. தமிழ்நாட்டில் இது அடிக்கடி நடப்பதில்லை. சரஸ்வதி 78,125, சுப்புலட்சுமி 77,844. வித்தியாசம் 281. அந்தத் தேர்தலில் தியாகராய நகரின் 137-க்கு அடுத்த மிகக் குறைந்த வித்தியாசம் இதுதான். பா.ஜ.க. வென்ற நான்கு இடங்களில் ஒன்று. 141 பேர் சின்னத்தை மாற்றிக் குத்தியிருந்தால் முடிவு தலைகீழ்.

இதை ‘மொடக்குறிச்சி காவிக்கு மாறியது’ என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள் என்பேன். 2021-ல் தமிழ்நாட்டில் இரண்டு அலைகள் இருந்தன. மாநிலம் தி.மு.க. பக்கம். கொங்கு, தன் மண்ணைச் சேர்ந்த முதல்வர் பழனிசாமி பக்கம். கோவை மாவட்டத்தில் பத்துக்குப் பத்தும் அ.தி.மு.க. அணிக்கே போயின. ஈரோடு மாவட்டம் இரண்டுக்கும் நடுவில் நின்றது: எட்டில் ஐந்து அ.தி.மு.க. அணிக்கு, மூன்று தி.மு.க. அணிக்கு. அதில் ஈரோடு கிழக்கு, மேற்கு என்ற நகரத் தொகுதிகள் தி.மு.க. அணிக்குப் போயின, பெருந்துறை, பவானி, கோபி, பவானிசாகர் அ.தி.மு.க.வுக்குப் போயின. ஈரோட்டு நகரத்தின் விளிம்பில் தொடங்கிக் கொடுமுடி வயல்களில் முடியும் மொடக்குறிச்சி, இரண்டு அலையும் மோதும் கோட்டிலேயே இருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுகளில் 281 என்பது 0.2 சதவீதம்கூட இல்லை. அலையோடு போகும் தொகுதிக்கு இரண்டு அலை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான விடை கிடைக்காது.

சுப்புலட்சுமி 2022-ல் தி.மு.க.விலிருந்து விலகிவிட்டார்.

இனி எங்கே பார்ப்பது

2021-க்குப் பிறகு இந்தப் பகுதியைக் கொதிக்க வைத்தது கட்சி விவகாரம் இல்லை, மறுபடியும் வாய்க்கால்தான். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தது. கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு தரப்பு ஆதரித்தது. கான்கிரீட் போட்டால் கசிவுநீர் நின்று கிணறும் தென்னையும் காயும் என்று இன்னொரு தரப்பு எதிர்த்தது. உண்ணாவிரதம், மறியல், வழக்கு என்று நீதிமன்றம் வரை போயிற்று. இரண்டு பக்கமும் விவசாயிகள். இரண்டு பக்கத்துக் கொடியும் பச்சை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுமே ஒரு பக்கம் உறுதியாகச் சாய முடியாமல் தடுமாறியதற்குக் காரணம், வாய்க்காலுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் தங்கள் ஓட்டு இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

மொடக்குறிச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் சாதிக் கணக்கையும் கூட்டணிக் கணக்கையும் மட்டுமே போடுகிறார்கள். தேர்தல் ஆணையம் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் 20-ஆம் எண் படிவத்தில் சாவடிவாரியாக ஓட்டுகளை வெளியிடுகிறது. அந்தச் சாவடிகளைக் காலிங்கராயன் ஓரம், கீழ்பவானி ஆயக்கட்டு, கசிவுநீர்ப் பகுதி, மானாவாரி, நகர விளிம்பு என்று ஐந்தாகப் பிரித்துக் கூட்டிப் பார்த்தால், அந்த 281 ஓட்டு எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். உள்ளூர்க் கல்லூரியில் அரசியல் அறிவியலோ புவியியலோ படிக்கும் மாணவர் ஒருவர், பொதுப்பணித் துறையின் ஆயக்கட்டு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.